பெட்டரி லைட்டில் ஒட்டிய பொட்டு

மழைக்குக் கொஞ்சமாவது நேரங்காலம் தெரிய வேண்டாமா... ஹாலிஎல சந்தியில் பள்ளிக்கூடம் விட்டு ஊரே வீதியில் நிற்கிற வேளை பார்த்துத்தான் அது கொட்டத் தொடங்கியது. அதே வேளை பார்த்துத்தான் நிரஞ்சலாவின் காரும் ஒரு தரம் விக்கி, வைப்பரைக் கண்ணாடியின் நடுவிலேயே விட்டுவிட்டு, அப்படியே படுத்துக்கொண்டது. படுத்ததுதான் படுத்தது, ஓரமாய்ப் படுத்திருக்கக் கூடாதா? ஒரு வாகன வயரிங் கடையின் வாசலை அடைத்துக்கொண்டு படுத்தது. உள்ளே வேலை முடிந்த வேன் ஒன்று வெளியே வர வழியில்லாமல் ஹோர்ன் அடித்தது.

யாரோ கண்ணாடியில் விரலால் தட்டினார்கள். நிரஞ்சலா கண்ணாடியைக் கொஞ்சமாய் இறக்கினாள். மழை முகத்தில் அடித்தது.

“கொஞ்சம் முன்னுக்கு எடுங்க,” என்றது ஒரு குரல்.

“எடுக்க முடிஞ்சா நான் ஏன் இங்க நிக்கிறேன்?”

பிள்ளைகளை அதட்டும் குரல் அது. வாயை விட்டுப் போன பிறகுதான் ஆளைப் பார்த்தாள். குடை இல்லாமல் நின்றான். தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இடது புருவத்தின் ஓரத்தில் பெட்டரி அமிலம் பட்ட சின்னத் தழும்பு. அதற்குக் கீழே இருந்த கண்கள்... கோபப்பட வேண்டிய கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அதுதான் அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“நியூட்ரல்ல போட்டுட்டு ஸ்டியரிங்க மட்டும் புடிங்க டீச்சர்,” என்றான். சேலையையும் பின்சீட்டில் திருத்தக் கிடந்த பிள்ளைகளின் கொப்பிக் கட்டையும் பார்த்தே டீச்சர் என்று கண்டுபிடித்துவிட்டான். அவனே தள்ளினான். கார் கடைக்குள் போய் நின்றது. வேன் வெளியே போனது. பக்கத்து டயர் கடையிலிருந்து நஸீர் நானா எட்டிப் பார்த்து, “கபிரியேலு, மழையே உனக்கு யாவாரம் கொண்டாந்து விடுதே,” என்றார். பெயர் கபிரியேல் என்று நிரஞ்சலா தெரிந்துகொண்டது அப்படித்தான்.

அவன் முதலில் பொனட்டைத் திறக்கவில்லை. சாவியை ஒரு தட்டு மட்டும் திருப்பச் சொன்னான், ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்றான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னச் சின்ன லைட்டுகள் உயிர் போகிற மாதிரி மங்கலாய் எரிந்தன. அவன் குனிந்து அவற்றையே பார்த்தான்.

“சாவியப் போட்டதும் பெட்டரி லைட் ஒரு தரம் எரியணும் டீச்சர். இஞ்சின் ஓடத் தொடங்கினா அணைஞ்சிரணும். ஓடும்போதும் எரிஞ்சுக்கிட்டே இருந்தா, பெட்டரிக்கு சார்ஜ் ஏறலன்னு அர்த்தம். ஆனா ஒரு தரம்கூட எரியலன்னா பல்பே போயிருச்சு. அது அதவிட மோசம். இதுல பெட்டரி லைட்டையே...”

பேச்சு பாதியில் நின்றது. விரலால் ஒரு இடத்தைத் தொட்டான். அரக்குச் சிவப்பில், நடுவில் வெள்ளைக் கல் வைத்த ஒரு ஸ்டிக்கர் பொட்டு. சரியாய் பெட்டரி லைட்டின் மேல் ஒட்டியிருந்தது.

“இது யாரு வச்சது?”

நிரஞ்சலாவுக்கு முகம் சூடேறியது. யார் வைத்திருப்பார்கள்? அம்மா நல்லம்மாதான். ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள், முன்சீட்டில் உட்கார்ந்தால் ஏதோ ஒரு சிவப்புக் கண் தன்னையே முறைக்கிறது என்று. வெள்ளிக்கிழமை காருக்கு ஊதுபத்தி காட்டும்போது, மகளின் பொட்டுப் பக்கற்றிலிருந்து ஒன்றை எடுத்து அந்தக் கண்ணின் மேலேயே ஒட்டிவிட்டாள். காருக்குப் பொட்டு வைத்த மாதிரியும் ஆயிற்று, முறைக்கிற கண்ணை மூடின மாதிரியும் ஆயிற்று. நிரஞ்சலா பார்த்தாள்தான்... அம்மாவின் பக்திக்குக் குறுக்கே நிற்பானேன் என்று விட்டுவிட்டாள்.

இதைச் சொல்லி முடித்தபோது அவன் சிரித்தான். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கடை அதிரச் சிரித்தான். கோபித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் பாழாய்ப்போன சிரிப்பு அவளுக்கும் வந்துவிட்டது.

“அம்மா மேல பிழை இல்ல டீச்சர். எரியிறதப் பாத்தாங்க, மூடிட்டாங்க. நம்ம எல்லாரும் செய்யிறதுதானே.”

நகத்தால் பொட்டை மெல்லக் கிளப்பினான். தூக்கி எறிவான் என்று நினைத்தாள். எறியவில்லை. பெட்டரியில் வயர் வைத்துப் பார்க்கிற மஞ்சள் நிற மீட்டர் ஒன்று கையில் இருந்தது, அதன் மூலையில் ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். அவளுடைய பொட்டு... அவனுடைய மீட்டரில். நிரஞ்சலா அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு அவன் சொன்ன குற்றம் சின்னது. ஒல்டனேட்டரைச் சுற்றுகிற பெல்ட் தொய்ந்து போயிருக்கிறது. ஒல்டனேட்டர் சுற்றினால்தான் பெட்டரிக்கு சார்ஜ். பெல்ட்டை இறுக்கினான், பெட்டரியை சார்ஜ் போட்டான், லைட் அணைந்தது. அத்தோடு கதை முடிந்திருந்தால் எழுத என்ன இருக்கிறது?

முடியவில்லை. நாலைந்து நாள் கழித்து லைட் மறுபடி எரிந்தது. ஹாலிஎலயில் அவன் கடைக்கு வந்தால் அணைந்து சாதுவாய் நிற்கும். பதுளையைத் தாண்டி, பசறை வழியாய் நமுனுகுல மலை ஏறும்போது எரியும். அதுவும் மழை பெய்தால் மட்டும். நிரஞ்சலாவின் வீடு அந்த மலையில்தான், அண்ணன் நிமலன் கிளாக்கராய் இருக்கும் தேயிலைத் தோட்டத்து குவாட்டர்ஸில்.

“கடையில வச்சுப் பாத்தா இது வாயத் தொறக்காது. எரியிற எடத்துலதான் பாக்கணும். நானும் வாறேன்,” என்றான் கபிரியேல்.

மழை விடாத ஒரு பின்னேரம், மடியில் மீட்டரை வைத்துக்கொண்டு அவன் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தான். பொனட்டுக்குள்ளிருந்து இரண்டு வயர்கள் ஜன்னல் வழியாய் வந்து மீட்டரில் சேர்ந்தன. அரைவாசி திறந்த ஜன்னலால் சாரல் அவன் தோளை நனைத்தது. வைப்பரைப் போடச் சொன்னான், போட்டாள். பெரிய லைட்டைப் போடச் சொன்னான், போட்டாள். வளைவில் ஏற்றம் வந்தபோது பொனட்டுக்குள் கிறீச் என்று ஒரு சத்தம், மீட்டரில் எண் மளமளவென்று இறங்கியது, சிவப்பு லைட் கண்ணைத் திறந்தது.

“கத்துது பாருங்க... பாரம் தாங்காம வழுக்குது. இறுக்கினது மட்டும் காணாது, பெல்ட் பழசு. வழுவழுன்னு ஆயிருச்சு. காஞ்சிருந்தா சமாளிக்கும், நனைஞ்சா வழுக்கும். முதல் நாளே மாத்தியிருக்கணும். என் பிழை டீச்சர்.”

தன் பிழையை இவ்வளவு சாதாரணமாய் ஒத்துக்கொள்கிற ஆம்பிளையை நிரஞ்சலா அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் வீட்டில் பிழை என்பது எப்போதும் அடுத்த ஆள் செய்வது.

காரை ஓரம் கட்டினாள். கீழே தேயிலை மலை முழுக்க மூட்டம். இரண்டு பேருக்கும் இறங்க மனம் இல்லை. எதையாவது கேட்க வேண்டுமே என்று, பெல்ட் இல்லாமல் வேறு எதனால் இந்த லைட் எரியும் என்று கேட்டாள். அவன் இறங்கிப் பொனட்டைத் தூக்கி, பியூஸ் பெட்டியைத் திறந்து காட்டினான். விரல் நகம் அளவு ஒரு பியூஸ். இது இல்லாவிட்டால் ஒல்டனேட்டருக்கு சார்ஜ் பண்ணச் சொல்லி உத்தரவு போகாது, லைட் எரியும் என்றான். பெல்ட் அறுந்தாலும் இது போனாலும் ஒரே சிவப்புத்தான்.

சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாது. அவனுக்கு அப்போது தெரியுமா, என்ன விதையைப் போடுகிறோம் என்று...

புது பெல்ட் போட்டான். லைட் அணைந்தது. மழையிலும் அணைந்தே கிடந்தது, ஏற்றத்திலும் அணைந்தே கிடந்தது. நிரஞ்சலாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஹாலிஎல சந்தியில் வேகத்தைக் குறைப்பாள். நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே! சும்மா போய் நின்று என்ன சொல்வது? தோட்டத்துக் கிளாக்கரின் தங்கச்சி, வயரிங் வேலை செய்கிற ஒரு பாஸின் கடையில் காரணமில்லாமல் நின்றாள் என்று அவள் கார் மலை ஏறுவதற்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போய்விடும்.

ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் பொனட்டைத் தூக்கினாள். பியூஸைக் கழற்றி ஹேண்ட்பேக்கில் போட்டாள். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணினாள். லைட் எரிந்தது.

கபிரியேல் பியூஸ் பெட்டியைத் திறந்தான். ஓர் இடம் வெறுமையாய் இருந்தது. பியூஸ் எரிந்து போகும், உருகிப் போகும்... தானாய் இறங்கி நடந்து போகாது. அவன் ஒரு தரம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் ரோட்டில் பெய்கிற மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பியூஸ் கெட்டுப் போயிருச்சா பாஸ்?”

“ம்... கெட்டுத்தான் போயிருச்சு டீச்சர்.”

புதிது ஒன்றைப் போட்டான். நஸீர் நானாவின் பக்கத்திலிருந்து பால் இல்லாத பிளேன்டி வந்தது. குடித்து முடிக்கிற வரை இரண்டு பேரும் மழையைப் பற்றியே பேசினார்கள். மழையைப் பற்றி அவ்வளவு பேச இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அந்தப் பியூஸ் அடிக்கடி கெட்டுப் போனது. அவன் ஒரு நாளும் கேட்கவில்லை. அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. வீட்டில் அண்ணனுக்கு மட்டும் அந்தக் கடைப் பேச்சு கசந்தது. கிளாக்கர் வீட்டுக்கு ஏற்ற மாப்பிள்ளை ஒருவரை அவர் பண்டாரவளையில் பார்த்துக்கொண்டிருந்தார், சேர்ச்சுக்குப் போகிற வேதக்கார வயரிங் பாஸ் ஒருவன் அந்தக் கணக்கில் எங்கேயும் வரமாட்டான். அப்பா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்து, டீச்சராக்கி, கார் ஓட்டப் பழக்கினது அவர்தான். அண்ணன் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் நிரஞ்சலா இன்றைக்கும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பாள். அந்தப் பயத்தை நன்றி என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தவள் அவள்.

அந்த நாள் வந்தது.

முந்தின நாள் பின்னேரமே பியூஸைக் கழற்றி வைத்திருந்தாள், காலையில் லைட் எரிய வேண்டும் என்று. விடிகாலையில் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் வாசலில் கார் இல்லை. அம்மாவைப் பதுளைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போக வர வேண்டிய வேன் வரவில்லை, அண்ணன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நிரஞ்சலா போன் எடுத்தாள். மலையில் லைன் போகவில்லை. வெறும் வயிற்றோடு பஸ்ஸில் ஏறினாள்.

லைட் எரிந்திருக்குமே, அண்ணன் பார்த்திருப்பாரே என்று கேட்பீர்கள். பார்க்க முடியாது. நல்லம்மா முந்தின வெள்ளிக்கிழமை புதுப் பொட்டு ஒன்றை அதே இடத்தில் ஒட்டியிருந்தாள்.

பசறையைத் தாண்டி, ஆளரவமில்லாத ஒரு வளைவில் பஸ் வேகம் குறைந்தபோது அவள் கண்டாள். ரோட்டோரத்தில் கார், சார்ஜ் ஏறாமல் பெட்டரி செத்து. மழை. ஒரு மரத்தடியில், ஒரே குடையின் கீழ், உடம்பு நடுங்க அம்மா. சீலை முழங்கால் வரை நனைந்து சேறாகிக் கிடந்தது. நிரஞ்சலா இறங்கி ஓடினாள். அண்ணன் அவளைப் பார்த்துக் கத்தவில்லை, அதைவிட மோசமாய் மெல்லப் பேசினார்.

“உன்ட அந்தப் பாஸோட வேலை இதுதானா? வா. கொண்டு போய் அவன் வாசல்லயே போடுவோம்.”

அம்மாவை வீட்டுக்குப் போகிற பஸ் ஒன்றில் ஏற்றி அனுப்பினார்கள். தெரிந்த லொறி ஒன்று காரைக் கயிறு கட்டி இழுத்தது. ஹாலிஎல வரை நிரஞ்சலா ஹேண்ட்பேக்கை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பியூஸ் அதற்குள் இருந்தது.

கடை வாசலில் வேன்காரர்கள் நின்றார்கள். நஸீர் நானா நின்றார். எல்லாருக்கும் முன்னால் அண்ணன் பேசினார். பேசக் கூடாத வார்த்தையெல்லாம் பேசினார். வேலை தெரியாதவன் என்றார், அரைகுறை வேலை செய்து அடிக்கடி வரவழைக்கிறவன் என்றார், வயதான மனுசி மழையில் கிடந்து செத்திருந்தால் என்ன செய்வாய் என்றார். கபிரியேல் பொனட்டைத் திறந்தான். பியூஸ் பெட்டியைத் திறந்தான். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

“பியூஸ் எங்க?” என்றார் அண்ணன்.

கபிரியேல் நிமிர்ந்தான். நிரஞ்சலாவைப் பார்த்தான். அவசரப்படாமல், நிதானமாய்... அவள் பேசட்டும் என்று வழி விட்டு நிற்கிற பார்வை. நாக்கு நுனியில் இருந்தது வார்த்தை. ‘நாந்தான்’ என்ற ஒரே ஒரு வார்த்தை. அண்ணனின் மூச்சு பக்கத்தில் கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“போன தரம் போட மறந்துட்டேன் சேர். என் பிழைதான்,” என்றான் கபிரியேல்.

அவ்வளவுதான். அப்படித்தான் நடந்தது. பியூஸே இல்லாமல் ஒரு கார் இத்தனை நாள் மலை ஏறி இறங்கியிருக்குமா என்று அங்கே நின்ற ஒருவராவது யோசித்திருந்தால் போதும். கோபமாய் இருக்கிற இடத்தில் யார் யோசிக்கிறார்கள்?

அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு தேறுவதற்குள் அண்ணன் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்திலும் ஒப்பீஸிலும் இதைச் சொல்லி முடித்திருந்தார். தோட்டத்துக்கு ஓடுகிற வேன்கள் வயரிங் வேலைக்குப் பதுளைக் கடைகளுக்குப் போகத் தொடங்கின. கார் இப்போது நன்றாய் ஓடியது, அவன்தான் அன்றைக்கே பியூஸைப் போட்டு, லைட்டின் மேலிருந்த பொட்டைக் கிளப்பி எடுத்து, பெட்டரியை சார்ஜ் பண்ணி அனுப்பியிருந்தானே. நிரஞ்சலா ஒவ்வொரு காலையும் அந்தக் கடையைக் கடந்தாள். முதலில் வாசலில் ஒரு வேன் நிற்கும். பிறகு ஒரு ஓட்டோ. பிறகு ஒன்றும் இல்லை. அவன் உள்ளே குனிந்து ஏதோ செய்துகொண்டிருப்பான், நிமிரமாட்டான். இன்றைக்கு நிற்பேன் என்று வீட்டில் சபதம் போட்டு வருவாள். சந்தி வந்ததும் கால் பிரேக்கை விட்டு விலகிவிடும். சீ, என்ன ஜென்மம் இது என்று தன்னையே திட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவாள்.

தனியாய்க் கார் ஓட்டும்போதும் கண்ணாடியில் அவனுடைய புருவத் தழும்பு தெரிகிற மாதிரி இருக்கும். மழை பெய்தால் மடியில் மீட்டரோடு அவன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருப்பான். அழுவாள். அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு அண்ணனுக்குச் சோறு போடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை டயருக்குக் காற்று அடிக்க நின்றபோது நஸீர் நானாதான் சொன்னார். கபிரியேல் கடையை மூடுகிறான். கட்டாருக்குப் போகிறான், இரண்டு வருஷ ஒப்பந்தம், செவ்வாய்க்கிழமை பிளைட். சாமான்களைத் தானே வாங்கிக்கொண்டதாகச் சொல்லிவிட்டு, “நல்ல பொடியன் டீச்சர். ஒரு பியூஸ மறந்ததுக்கு ஊரே அவன மறந்துருச்சு,” என்றார். அவர் சும்மாதான் சொன்னார். அவளுக்கு அது நெஞ்சில் இறங்கியது.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. காலையில் அண்ணன் பதுளைக்குச் சாமான் வாங்கக் கிளம்பினார், அம்மாவும் கூட வந்தாள். நிரஞ்சலா பின்சீட்டில் ஏறி, ஹாலிஎல வரை போக வேண்டும் என்றாள். என்ன வேலை என்று அவர் கேட்டார். வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் மறுபடி கேட்கவில்லை.

“அண்ணே, இங்க நிப்பாட்டுங்க.”

மழை தூறிக்கொண்டிருந்தது. கடை பாதி காலி. பெட்டிகள் கட்டிக் கிடந்தன. நஸீர் நானாவின் வாசலில் அதே வேன்காரர்கள் பிளேன்டி குடித்துக்கொண்டு நின்றார்கள். இவர்கள் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கலாமே என்று கால் தயங்கியது. இல்லை... இவர்கள் இருக்கத்தான் வேண்டும். இறங்கி நேரே உள்ளே போனாள். அண்ணன் பின்னாலேயே வந்தார்.

கபிரியேல் நிமிர்ந்தான். இத்தனை நாளுக்குப் பிறகு அந்தக் கண்கள்... சிரிப்பு இல்லாமல்.

ஹேண்ட்பேக்கைத் திறந்து மேசையில் கவிழ்த்தாள். சின்னச் சின்னப் பியூஸ்கள் சிதறின. ஒன்றுகூட எரிந்தது இல்லை. எல்லாம் நல்ல பியூஸ்.

“அன்னைக்கு இவரு மறக்கல. பியூஸக் கழட்டுனது நாந்தான்,” என்றாள். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே சொன்னாள்.

அண்ணனுக்கு விளங்கவில்லை. “நீ எதுக்குக் கழட்டணும்?”

“கழட்டுனாத்தானே லைட் எரியும். எரிஞ்சாத்தானே இங்க வரலாம். இவரப் பாக்கலாம்.”

நஸீர் நானா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும். காருக்குள்ளிருந்து நல்லம்மாதான் முதலில் வாய் திறந்தாள்.

“அப்ப நான் அன்னைக்கு மழையில நனைஞ்சது இதுக்குத்தானாடி?”

“ஆமாம்மா.”

நல்லம்மா ஜன்னல் வழியாய்த் தலையை நீட்டினாள். “லைட்டுக்கு மேல பொட்டு வச்சது நானு. இந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு,” என்றாள்.

அண்ணன் கபிரியேலைப் பார்த்தார். “நான் அன்னைக்கு...” என்று தொடங்கினார். முடிக்க வரவில்லை. பிழையை ஒத்துக்கொண்டு பழக்கமில்லாத வாய். கையிலிருந்த சாவியை மேசையில், பியூஸ்களுக்குப் பக்கத்தில் வைத்தார். குடைகூட எடுக்காமல் பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். வேன்காரர்கள் ஒவ்வொருவராய்த் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினார்கள்.

இப்போது இரண்டு பேர்தான்.

“எனக்குத் தெரியும் டீச்சர். முதல் நாள்லேருந்தே தெரியும்,” என்றான் கபிரியேல்.

“தெரிஞ்சும் ஏன் பழிய ஏத்துக்கிட்டீங்க?”

அவன் ஒரு பியூஸை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினான். “சாவியப் போட்டா ஒரு தரம் எரியணும்னு சொன்னேனே, ஞாபகமா? அன்னைக்கு உங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். ஒரு தரம் எரியும்னு நெனச்சேன். எரியல... சரி, பல்பு போயிருச்சு, அங்க ஒண்ணும் இல்லன்னு மனசத் தேத்திக்கிட்டேன்.”

நிரஞ்சலா அழுதாள். மறைக்காமல், சேலைத் தலைப்பைத் தேடாமல் அழுதாள்.

“இருந்துச்சு. எப்பவும் இருந்துச்சு. பயந்து மூடி வச்சுட்டேன். எனக்கு உங்கள அவ்வளவு பிடிக்கும்... இத அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா நீங்க போக வேண்டி வந்திருக்காது.”

“ஆமா,” என்றான் அவன். ஆறுதலுக்குக்கூட இல்லை என்று சொல்லவில்லை. அந்த நேர்மைதானே முதலில் அவளுக்குப் பிடித்தது. “ஒப்பந்தத்துல கையெழுத்து வச்சாச்சு. செவ்வாய்க்கிழமை போயே ஆகணும்.”

போகாதீங்க என்று எந்த முகத்தோடு கேட்பது? மேசையைப் பார்த்தாள். கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவில், திறந்திருந்த ஒரு பயணப் பையில், மடித்த சட்டைகளுக்கு மேல் அந்த மஞ்சள் மீட்டர் இருந்தது. மூலையில் அரக்குச் சிவப்புப் பொட்டு. கல் உதிர்ந்து போயிருந்தது. ஓரம் தேய்ந்து கறுத்திருந்தது. ஆனால் இருந்தது.

“இத நஸீர் நானாக்குக் குடுக்கலயா?”

“இது மட்டும் என்னோட வருது.” அவன் குரல் உடைந்தது. “புது பெல்ட் போட்ட அன்னைக்கே உங்க கார் சரியாயிருச்சு டீச்சர். அதுக்குப் பொறகு நான் போட்டதெல்லாம் வெறும் பியூஸ். நீங்க ஆயுசு பூரா கழட்டியிருந்தாலும் நான் ஆயுசு பூரா போட்டிருப்பேன்.”

“ரெண்டு வருஷம் கழிச்சு வருவீங்களா?”

“கடை இருக்காதே.”

“நான் இருப்பேன்.”

அவன் விரலில் உருட்டிக்கொண்டிருந்த பியூஸைச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டான்.

அவள் சாவியை எடுத்துக்கொண்டு காருக்கு வந்தாள். ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். கண் நிறையத் தண்ணீர், கண்ணாடி நிறைய மழை. கடை வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான், குடை இல்லாமல், முதல் நாள் மாதிரியே. சாவியை ஒரு தட்டுத் திருப்பினாள். பெட்டரி லைட் சிவப்பாய் எரிந்தது. அது எரிந்ததும் பக்கத்தில் இருந்த நல்லம்மாவின் கை, பழக்கத்தில், முன் தட்டிலிருந்த பொட்டுப் பக்கற்றைத் தேடியது.

நிரஞ்சலா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இஞ்சினை உடனே ஸ்டார்ட் பண்ணவும் இல்லை.

“மூட வேணாம்மா... கொஞ்ச நேரம் எரியட்டும்.”